முதல் பூச்சு

நகராட்சியில் சுவர்த் தூய்மைப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் பெரிய அலுவலகம் மாதிரி தோன்றும். ஐந்து ஆட்கள், ஒரு சின்ன லாரி, தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் ஒன்று, அடுக்கடுக்காகச் சாம்பல் நிறப் பெயின்ட் வாளிகள், அவ்வளவுதான் பிரிவு. எவன் எந்தச் சுவரில் எதைக் கிறுக்கினாலும் இவர்கள் போய் அதன்மேல் சாம்பல் பூசிவிட்டு வர வேண்டும். மறுநாள் அதே இடத்தில் அவன் மறுபடி கிறுக்குவான். மறுபடி போக வேண்டும். இந்தக் கண்ணாமூச்சியில் இருபத்தாறு வருடங்களைக் கழித்தவள் ஒருத்தி இருந்தாள். கிறுக்குகிறவர்கள் அவளுக்குச் சாம்பலக்கா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் வாளியை அவன் தலையில் கவிழ்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வேலையில் அவளிடம் யாரும் குறை கண்டதில்லை. ஓரம் பிடிக்க மற்றவர்கள் காகித நாடா ஒட்டுவார்கள். இவள் வெறும் பிரஷ்ஷால் இழுத்துவிடுவாள், நூல் பிடித்த மாதிரி இருக்கும். எந்தச் சுவர் எத்தனை பூச்சு குடிக்கும், எந்த வெயிலில் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். வாய்தான் கொஞ்சம் நீளம். எழுதியவன் எதிரில் நிற்பதாக வைத்துக்கொண்டு, பூச்சு முடியும்வரை அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். லாரி ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டு அதைக் கேட்பார்.

கடற்கரை ஓரமாக, சக்கரப் பலகையில் சறுக்கி விளையாட நகராட்சி ஒரு ஸ்கேட்பார்க் கட்டியது. சிமென்ட் குழிகள், சரிவுகள், சறுக்கி ஏற இரும்புக் கம்பிகள். அதற்குப் பின்னால் அலையைத் தடுக்கும் நீண்ட சுவர். அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று அறிவிப்புப் பலகையும் நட்டார்கள். எழுதியது யாருக்கும் சொந்தமில்லை. இன்று நீ வரைந்ததன்மேல் நாளை இன்னொருவன் வரையலாம். கோட்டைத் தாண்டினால் மட்டும் சாம்பல். சாம்பலக்காவுக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. "திருடனுக்குத் தனியா ஒரு வீடு கட்டிக் கொடுத்து, திருடறதை எல்லாம் இங்கேயே வச்சுக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

பலகையில் எழுதாத விதிகளும் அந்தச் சுவருக்கு இருந்தன. அவை பின்னால்தான் அவளுக்குத் தெரியவந்தன. ஒருவன் வரைந்ததன்மேல் வரைவதென்றால் முழுவதையும் மூட வேண்டும். பாதி மூடி அசிங்கப்படுத்தக் கூடாது. ஈரம் காயாத படத்தைத் தொடக் கூடாது. செத்துப்போனவர் படத்தை யாரும் மூடக் கூடாது.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா. பத்தொன்பது வயதில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்கிற வேலை. முதல் மாதமே எங்கிருந்தோ ஒரு ஸ்கேட்போர்டை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்று வீட்டில் ஒரே ரகளை. கையையோ காலையோ உடைத்துக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது என்று தாய் கத்தினாள். மகள் பதிலே சொல்லவில்லை. அவள் அப்படித்தான். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கடை மூடியதும் நேராகக் கடற்கரைக்குப் போவாள், இருட்டுவதற்குள் வருவாள், முழங்கையில் சிராய்ப்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அங்கே யாரோடு பழகுகிறாள், என்ன பேசுகிறாள், ஒன்றும் தெரியாது.

தாய்க்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சுவருக்கு வருகிறவர்கள் எல்லாம் யார்? இவள் இத்தனை வருடமாக யாருடைய கையெழுத்தை அழித்துக்கொண்டிருக்கிறாளோ அவர்கள்தான். அவர்கள் நடுவில் போய், எங்கம்மா அழிக்கிற வேலை பார்க்கிறாள் என்று எந்தப் பெண் சொல்லுவாள்? நம்மைப் பற்றி வாயைத் திறந்திருக்கவே மாட்டாள், அம்மா என்று ஒருத்தி இருப்பதையே மறைத்திருப்பாள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள அவளுக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை. கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தாள்.

ஒரு மழை நாள் சாயங்காலம், ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலையைக் கடந்தபோது பிரேக் பிடிக்காத ஒரு வேன் மகளை அடித்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, தாயும் யாரிடமும் சொன்னதில்லை.

பதினேழாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு, சுலபமான வேலையாக ஒன்றைப் பார்த்துக் கொடுத்தார். ஸ்கேட்பார்க், கிழக்கு ஓரம், மஞ்சள் கோட்டுக்கு மேல் இரண்டு சாண் ஏறியிருக்கிறது, மூடவும். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாளியும் ரோலருமாக அவள் போனாள்.

கிழக்கு ஓரத்தில் அவள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஆள் அகலத்துக்கு முகம். கண்கள் சுருங்கி, மேல்வரிசைப் பல் முழுதும் தெரிய, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து அப்படி ஒரு சிரிப்பு. காற்றில் பறக்கிற மாதிரி முடியை மேலே மேலே இழுத்து வரைந்திருந்தார்கள். அந்த முடிதான் கோட்டைத் தாண்டியிருந்தது. கீழே 'பம்பரம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் சிரிப்பையும் அவள் பார்த்ததே இல்லை. பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் மகள் ஒரு தடவைகூடத் தன் முன்னால் இப்படிச் சிரித்ததில்லை என்பது சுவரைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. துக்கத்துக்கு நடுவிலும் பொறாமை வரும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சீட்டு பையில் இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவள் செய்யாவிட்டால் வேறு ஆள் வருவான், அவனுக்கு இது யார் என்று தெரியாது, நெற்றி வரைக்கும் இழுத்துவிடுவான். அவள் ஏணியைப் போட்டு ஏறினாள். கோட்டுக்கு மேலிருந்த முடியை மட்டும், ஒரு மயிரிழைகூடக் கீழே இறங்காமல், சாம்பலால் மூடினாள். இருபத்தாறு வருடத்தில் அவள் வாய் திறக்காமல் பூசிய சுவர் அது ஒன்றுதான். பிறகு கீழே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

அடுத்த மாதம் அவளாகவே எழுதிக் கொடுத்து ஸ்கேட்பார்க்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். ஊருக்குள் ஓடியாடி அழிக்கிற வேலையை விட்டுவிட்டு, காலையில் குழிகளில் சேர்ந்த மணலைக் கூட்டி அள்ளுவது, குப்பைத் தொட்டிகளைக் காலி செய்வது, கோட்டைத் தாண்டியதை மூடுவது என்று ஆயிற்று. காலில் விழுந்து கேட்டாலும் ஒருத்தரும் போகாத இடம். மேற்பார்வையாளர் காரணம் கேட்கவில்லை.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரமான கட்டிடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கயிற்றில் இறங்குகிற மனிதர், ஆனால் அந்தக் கடற்கரைப் பக்கம் மட்டும் அவருக்குக் கால் வைக்க முடியவில்லை. "ஒரு தடவை வந்து பாருங்க. அப்படியே இருக்கா" என்று அவள் கூப்பிட்டாள்.

"அது சுவரு. நம்ம பொண்ணு இல்ல" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

நாலு வருடம் போயிற்று. அந்த நாலு வருடமும் தினமும் சுவர் மாறிக்கொண்டே இருந்தது. மீன், ராட்சதன், வாயில் நுழையாத எழுத்துகள், மறுபடி மீன். பூச்சுமேல் பூச்சு ஏறி, சுவர் விரல் கனத்துக்குத் தடித்துவிட்டது. கிழக்கு ஓரம் மட்டும் அப்படியே இருந்ததால், மகளின் முகம் சுற்றிலும் மேடு கட்டிய ஒரு பள்ளத்தில் இருப்பது போல ஆயிற்று. யாரும் அதைத் தொடவில்லை. சின்னப் பயல்கள் தெரியாமல் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தால், பெரியவர்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள். தான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது என்றே சாம்பலக்கா நினைத்திருந்தாள். அவளாக வாயைத் திறக்கவில்லை. காலையில் வந்ததும் முதலில் அந்த முகத்திலிருந்த மணலைத் துணியால் தட்டிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள்.

அங்கே வருகிறவர்களில் அவள் பேசுகிற ஒரே ஆள் நெட்டை. முப்பது வயது இருக்கும். பகலில் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுவான், மிச்ச நேரமெல்லாம் இங்கே. அந்த முகத்தை வரைந்தது அவன்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. எதற்கு அவள் அப்படிச் சிரித்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஆயிரம் தடவை நாக்கு நுனி வரை வந்து நின்றிருக்கிறது. கேட்டால், உங்களைப் பற்றி அவள் சொன்னதே இல்லையே என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயம்.

நாலாம் வருடம் முகம் மங்கத் தொடங்கியது. உப்புக் காற்றும் வெயிலும் சும்மா விடுமா? முதலில் உதட்டுச் சிவப்பு போயிற்று. பிறகு கன்னத்தில் ஒரு பக்கம் வெளுத்தது. அடுத்த மழைக்காலம் வந்தால் மீதியும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுபடி தீட்டச் சொல்லி நெட்டையிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் கை பட்டால் அந்தச் சிரிப்பு கொஞ்சமாவது மாறும், மாறினால் இவளுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

கிடங்கில் ஒரு கோட்டிங் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். தெருப்பெயர்ப் பலகைகள்மேல் அடிப்பது. அதை அடித்துவிட்டால் பலகையில் வெயில் ஏறாது, யார் கிறுக்கினாலும் துணியால் துடைத்தால் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் வருவதற்கு முன்னால், அதில் ஒரு டப்பாவைக் கேட்காமல் எடுத்துவந்து மகளின் முகம் முழுக்க இரண்டு கை அடித்தாள். முகம் பளபளவென்று ஆயிற்று. உதட்டில்கூட கொஞ்சம் சிவப்பு திரும்பி வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

உலர்ந்த பரப்பில் மட்டும் என்று அந்த டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை அவளே நூறு தடவை படித்துக் காட்டியிருக்கிறாள். இந்தச் சுவரின் முதுகில் கடல் மோதுகிறது; ஈரம் உள்ளேயிருந்து கசிந்து முன்பக்கம் வந்து ஆறும். அந்த ஈரம் வெளியே வரும் வழியை அவள் தன் கையாலேயே அடைத்துவிட்டாள். பிரிவிலேயே அனுபவசாலி, இந்தத் தப்பை வேறு யாராவது செய்திருந்தால் வாயால் தோலை உரித்திருப்பாள். இன்னொன்றும் இருந்தது. சுவரில் எதையும் நிரந்தரமாக்கக் கூடாது என்பதுதான் அங்கே வருகிறவர்களுக்கு முதல் விதி. கோட்டிங் அடிப்பது ஊர்ச் சொத்துக்குப் பூட்டுப் போடுவதற்குச் சமம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பளபளப்பைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் நெற்றியில் ஒரு கொப்புளம் கிளம்பியது. பிறகு கன்னத்தில் நாலைந்து. ஒரு காற்று நாளில் கொப்புளம் உடைந்து, பட்டை பட்டையாக உரியத் தொடங்கியது. காலையில் குழியைக் கூட்டும்போது மணலோடு சேர்ந்து நிறம் நிறமாகச் சில்லுகள் வந்தன. ஒரு சில்லில் புருவத்தின் வால் இருந்தது. தன் மகளைத் தானே முறத்தில் வாரிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் அவள் கூட்டாமல் இருக்க முடியாது. சக்கரத்துக்கு அடியில் கடுகளவு சில்லு மாட்டினாலும் ஆள் தூக்கி எறியப்படுவான்.

அப்படியே நடந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி சரிவில் இறங்கும்போது சக்கரப் பலகை சட்டென்று நின்றுவிட, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவள் தாய் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு கதறியதைச் சாம்பலக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, குழிக்குள் இறங்கி அந்தப் பலகையைப் புரட்டினாள். முன்சக்கரத்தில் மாட்டியிருந்தது பல் நிறத்தில் ஒரு சில்லு.

நெட்டை பக்கத்தில் வந்து நின்றான்.

"இதை இப்படியே விட முடியாதுக்கா" என்றான்.

"நீயே மூடிடு" என்றாள் அவள், பலகையைப் பார்த்துக்கொண்டே.

"என்னால ஆகாது. இங்க யாருமே தொட மாட்டாங்க. போனவங்க படத்தை மூடணும்னா அவங்க சொந்தக்காரங்கதான் முதல் பூச்சு போடணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க."

அவள் நிமிர்ந்தாள். "நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்தே தெரியும். முடியை மூடிட்டு நீங்க அந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தீங்க. நாங்க குழிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தோம். கிட்ட வரத் தைரியம் இல்ல."

நாலு வருடம்! தெரிந்தும் சொல்லாமல் அவர்களும், அவர்களுக்குத் தெரியாது என்று இவளும். அவளுக்கு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். கோட்டிங் அடித்ததையும் சொன்னாள். இதுவரை அதைச் சொல்லவில்லை. "நானே கெடுத்துட்டேன். அடுத்த மழை வரைக்குமாவது இருந்திருக்கும். என் கையாலயே கெடுத்துட்டேன்" என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, வெகுநேரம் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் போனார்கள். பாதை திரும்பியதும் அவர் சுவரைப் பார்த்தார். பாதி உரிந்துபோன அந்த முகத்தைத்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார். அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். இருபது இருபத்தைந்து பேர் இருக்கும். யாரும் கிட்டே வரவில்லை.

நேராகப் பெயின்ட் அடித்துவிட முடியாது. கோட்டிங் போட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது. முதலில் சுரண்டி எடுத்தாக வேண்டும். அழிப்பது அவளுக்குப் பழக்கம். மூடிய பிறகும் கீழே அது இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சுரண்டுவது அப்படி இல்லை. தகட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். அழுத்தவில்லை. "நான் பண்ணட்டுமா?" என்று கணவர் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அழுத்தினாள். கோட்டிங்கோடு சேர்ந்து வர்ணம் கையகலத்துக்குக் கையகலம் கழன்று வந்தது. விழுகிற பட்டைகளை அவர் குனிந்து குனிந்து சாக்கில் போட்டார். ஒரு துண்டை மட்டும், காதோரம் முடி இருந்த துண்டு, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

கன்னம் போன இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பி. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் தொப்பிக்குக் கீழே ஒரு கண், மூக்கின் ஓரம். யாரோ ஒரு ஆண். அவள் தகட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். நெட்டை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"யாரு இது?"

"எங்கண்ணன்" என்றான் அவன். "அலையில போயிட்டான். மூணு வருஷம் இங்கதான் இருந்தான்."

"அப்புறம்?"

"பம்பரத்துக்கு எங்க வரையறதுன்னு கேட்டாங்க. இருக்கறதுலயே நல்ல இடம் இதுதான். காலை வெயில் நேரா விழும். நான் முதல் பூச்சு போட்டேன்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், டைல்ஸ் கணக்குச் சொல்கிற மாதிரி. அவள் தகட்டைக் கீழே வைத்தாள். நாலு வருடமாகத் தன் மகளுக்காகத் தான் ஒருத்திதான் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இவர்கள் எல்லோரையும் தள்ளியே வைத்திருந்தாள். இவனோ தன் அண்ணன் முகத்தை மூடி இடம் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி மூச்சு விடாமல் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறான். அவனை என்னவென்று சொல்லுவது? அவள் இன்னொரு ரோலரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"உன் பக்கம் நீ போடு. என் பக்கம் நான் போடறேன்."

இருவரும் சேர்ந்து பூசினார்கள். அவள் தாடையிலிருந்து ஆரம்பித்து மேலே போனாள். மிச்சமிருந்த வாய்க்கு வந்தபோது ரோலர் நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு கண்கள். பிறகு நெற்றி. ஒரு பூச்சு போதும் என்றான் நெட்டை. அவள் கேட்கவில்லை. மூன்று பூச்சு போட்டாள். அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

"நாப்பது நிமிஷம் ஆகும் காய. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஈரச் சுவருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நெட்டை இன்னொரு பக்கம். அந்த நாற்பது நிமிடமும் அங்கே ஒரு சக்கரம்கூட உருளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழுதாள். இத்தனை பேர் நடுவில் அழுகிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நேரம் ஆனதும் எழுந்து போய்ப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிடுச்சு. யாராவது எழுதுங்க" என்றாள்.

யாரும் நகரவில்லை. கையில் டப்பாவோடு நின்றவர்கள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாம்பல் நிறச் சுவர் மொட்டையாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எங்கிருந்தோ பழைய கோபம் மூக்கு முட்ட ஏறிக்கொண்டு வந்தது. ரோலர்க் கம்பைத் தரையில் ஊன்றி, இடது கையை இடுப்பில் வைத்தாள்.

"என்னங்கடா மரம் மாதிரி நிக்கறீங்க? ஊர்ல ஒரு சுவரை விட்டு வச்சீங்களா? ஒண்ணு விடாம கிறுக்கத் தெரியுது, இந்தாடா இடம், எழுதுடான்னு சொன்னா மட்டும் கை விளங்கலையா? மூணு பூச்சுடா! ஒண்ணு இல்ல, மூணு பூச்சு! இடுப்பு ஒடியப் போட்டிருக்கேன், அதை வேடிக்கை பாக்கறதுக்கா வந்தீங்க?"

பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் இன்னொருவன். பிறகு அடக்க முடியாமல் கும்பல் முழுக்கச் சிரித்தது. அவள் திகைத்துப் போனாள். இவ்வளவு நேரம் இழவு வீடு மாதிரி நின்றவர்களுக்கு என்ன கேடு வந்தது? நெட்டையைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றான். "அப்படியே இருக்கு."

"எது?"

"பம்பரம் பேசிக் காட்டற மாதிரியே இருக்கு. அவ தினமும் உங்களைப் பேசிக் காட்டுவாக்கா. ஒரு கட்டையை ரோலர் மாதிரி பிடிச்சுக்கிட்டு, இதே மாதிரி இடுப்புல கையை வச்சுக்கிட்டு. யாராவது புதுசா வந்தா, எங்கம்மாதான் சாம்பலக்கா, ஜாக்கிரதைன்னு முதல்ல அதைத்தான் சொல்லுவா. எங்கம்மா நாடா ஒட்டாம கோடு இழுப்பாங்க, உங்கள்ல ஒருத்தனுக்காவது வருமான்னு எங்க வாயை அடைப்பா." அவன் மூக்கை உறிஞ்சினான். "அந்தப் படம் நான் எடுத்த போட்டோவைப் பாத்து வரைஞ்சது. உங்களைப் பேசிக் காட்டிக்கிட்டே இருந்தவளுக்குப் பாதியில அவளுக்கே சிரிப்பு தாங்கல. அப்ப எடுத்தேன்."

கணவர் எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மான்னா சொன்னா?" என்று கேட்டாள். "எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

சுவரில் இப்போது முகம் இல்லை. அவள் கம்பை நெட்டையிடம் நீட்டினாள்.

"எப்படிச் சொல்லுவா? எனக்குச் சொல்லிக் காட்டு."

அவன் வெட்கப்பட்டான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பை வாங்கி ஊன்றி, இடது கையை இடுப்பில் வைத்து, அந்த நெட்டை உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தான்.

"மூணு பூச்சுடா! உங்கம்மாவா வந்து போடுவா?"

கணவர்தான் முதலில் சிரித்தார். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.